சனிக்கிழமைக்கு ஒத்திவைத்த வரைபடம்

போர்நிறுத்தம் இருந்த வருடங்களில் நான் மன்னார்ப் பட்டினத்தில் ஓர் உதவி நிறுவனத்தின் கந்தோரில் வேலை செய்தேன். வீடு பள்ளிமுனையில். காலையில் சைக்கிளில் போய் எட்டு மணிக்கு ரேடியோவைப் போடுவேன். எந்த வண்டி எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று சுவர்ப் பலகையில் எழுதுவேன். பின்னேரம் கடைசி வண்டி பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்குள் வந்துவிட்டது என்று கேட்ட பிறகுதான் ரேடியோவை மூடிவிட்டு வீட்டுக்குப் போவேன். இதற்கு இடையில் என்னிடம் இருந்த மற்ற வேலை வரைபடங்கள்.

எங்களிடம் மூன்று வண்டிகள் இருந்தன. அவற்றில் இரண்டு வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவை. பாட்டுப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு திரை பதித்திருந்தது. வண்டி ஓட ஓட அதில் ஒரு சின்ன அம்புக்குறி நகரும். கொழும்பிலிருந்து போட்டு அனுப்பிய வரைபடத்தில் பெரிய வீதிகள் மட்டும்தான் இருந்தன. ஊர் வீதிகளையும் குளக்கட்டுகளையும் வாய்க்கால் கரைகளையும் நாங்கள்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். சேர்த்த பிறகு நிறம் கொடுக்க வேண்டும். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் கேட்டுவிட்டுப் போகலாம். சிவப்பு என்றால் அங்கே மிதிவெடி இருக்கிறது, அல்லது இருக்கக்கூடும், போகவே கூடாது. அந்த நிறங்களை எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பது என் பொறுப்பு.

மாற்றுவது இலேசான வேலை அல்ல. வண்டியிலிருந்து ஒரு சின்ன மெமரி கார்ட்டைக் கழற்றி, கந்தோர் கணினியில் போட்டு, பழையதை அழித்துப் புதியதை ஏற்ற வேண்டும். பிறகு கார்ட்டை வண்டியில் போட்டு, எஞ்சினை நிறுத்தாமல் ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். வேலை தொடங்கிய புதிதில் ஒருநாள், பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. அந்தக் கார்ட் அதோடு செத்தது. அதைக் கொழும்புக்கு அனுப்பித் திருப்பி எடுக்க இரண்டு கிழமைக்கு மேல் ஆனது. அந்த இரண்டு கிழமையும் ஒரு வண்டி குருடாக ஓடியது. அதன் பிறகு நான் எனக்கென்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். வரும் மாற்றங்களை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைப்பேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, வண்டிகள் எல்லாம் கந்தோரில் நிற்கும் நாளில், ஜெனரேட்டரை ஓடவிட்டு ஒரேயடியாக மாற்றுவேன். கந்தோர்ப் பொறுப்பாளர் அதைக் கேட்டுவிட்டு நல்ல ஒழுங்கு என்றார். அதை எழுதி மற்றக் கந்தோர்களுக்கும் அனுப்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் அவ்வளவு கவனமாக இருந்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. என் சித்தப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடம்பெயர்ந்து போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த ஒரு நேரம், மாந்தைப் பக்கம் பனங்காணி ஒன்றைப் பார்க்கப் போனார். பாதை துப்புரவாகிவிட்டது, ஆட்கள் போய் வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னது யார் என்று பிறகு கேட்டபோது அவருக்கே நினைவில்லை. வாய்ச் சொல்லை நம்பிப் போனவர் என்றுதான் வீட்டில் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்த எனக்குக் கடிதம், கையொப்பம், முத்திரை என்பவற்றில் பெரிய நம்பிக்கை இருந்தது. ஒரு வீதி சிவப்பிலிருந்து பச்சையாவதற்குக் கொஞ்சம் பிந்தினால் யாருக்கு என்ன நட்டம், சுற்றிப் போவார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

சாரதிகளில் ஒருவர் பேசாலையைச் சேர்ந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். சண்டை நடந்த காலத்தில் பட்டினத்துக்கும் பெருநிலத்துக்கும் இடையே லொறி ஓட்டியவர். திரையை அவருக்குப் பிடிக்காது. ஆனால் கந்தோர்ச் சட்டம் என்றபடியால் அதை மீற மாட்டார்.

“தங்கச்சி, நானாட்டானில அந்தக் கோயில் ரோட்டால பஸ் ஓடுது. உங்கட ஸ்கிரீன் இன்னும் சிவப்பாக் காட்டுது” என்று ஒருமுறை சொன்னார்.

“கடிதம் வந்திட்டுது அண்ணை. சனிக்கிழமை மாத்திறன்.”

“எந்தச் சனிக்கிழமை?”

“கடைசிச் சனி.”

அவர் சிரித்தார்.

அது மாரி தொடங்கியிருந்த ஒரு மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிதிவெடி அகற்றும் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே ஒரு குடியேற்றம் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் மலையகத்திலிருந்து கலவரங்களில் அடிபட்டு வந்து, வன்னியில் இருந்து, அங்கிருந்தும் பெயர்ந்து வந்த குடும்பங்கள். அந்தக் குடியேற்றத்திலிருந்து பெரிய வாய்க்காலின் கரையோடு ஒரு வீதி மன்னார் வீதிக்கு வந்து ஏறும். பழைய காவலரண்கள் வரிசையாக இருந்த இடம் என்பதால் அது பல வருடமாக மூடிக் கிடந்தது. அந்த வீதியைத் துப்புரவாக்கி, கல்லுப் போட்டு, ஒப்படைத்துவிட்டோம் என்பதுதான் கடிதம். கையொப்பம் இருந்தது. முத்திரை இருந்தது. ஒரு குறையும் இல்லை. நான் அதைப் படித்து, வலது மூலையில் திகதி போட்டு, கோப்பில் வைத்தேன். அந்தக் கோப்பில் அந்த மாதம் ஏற்கெனவே மூன்று கடிதங்கள் இருந்தன. கடைசிச் சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு ரேடியோவில் அண்ணையின் குரல் வந்தது. அன்று அவர் கூரைத் தகரம் ஏற்றிக்கொண்டு அந்தக் குடியேற்றத்துக்குத்தான் போயிருந்தார்.

“தங்கச்சி, இஞ்ச ஒரு பிள்ளைத்தாச்சி. மிட்வைஃப் அம்மாவும் கூட நிக்கிறா. பிள்ளை குறுக்கால கிடக்காம், தண்ணிக்குடம் உடைஞ்சு கன நேரமாம். ஆஸ்பத்திரி வண்டி வர நேரம் செல்லும். நான் ஏத்தட்டோ?”

நோயாளியை ஏற்றுவதற்கு அனுமதி வேண்டும். பொறுப்பாளர் கூட்டமொன்றில் இருந்தார். அவசரமென்றால் அனுமதி கொடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது.

“ஏத்துங்கோ அண்ணை. நேர மன்னாருக்கு வாங்கோ. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுறன்.”

சொன்னேன். மகப்பேற்று வார்டில் ஒரு தாதி எடுத்தார், சத்திரசிகிச்சைக்கு ஆயத்தப்படுத்துகிறோம் என்றார். திரும்பி வந்து ரேடியோவில் இருந்தபோது அவர் மறுபடி கூப்பிட்டார்.

“தங்கச்சி, நான் வாய்க்கால் ரோட்டடியில நிக்கிறன். இவவின்ர மனிசன் இதால போகலாம், திறந்திட்டினம் எண்டு சொல்லுறார். ஸ்கிரீன் சிவப்புத்தான் காட்டுது. எதால வாறது?”

அவருக்குப் பின்னால் ஓர் ஆணின் குரல் கேட்டது. “தொறந்துட்டாங்க அண்ணே, சத்தியமா தொறந்துட்டாங்க.” அதற்கும் பின்னால் ஒரு பெண்ணின் முனகல்.

கோப்பு என் மேசை லாச்சிக்குள் இருந்தது. நான் லாச்சியைத் திறந்தேன். கடிதம் மேலேயே கிடந்தது. அதைக் கையில் எடுத்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்பது தெரியாது. ஐந்து செக்கனாக இருக்கலாம், பத்தாக இருக்கலாம். வண்டியில் இருக்கும் வரைபடம் என்ன சொல்கிறதோ அதன்படிதான் ஓட வேண்டும், ரேடியோவில் வாய்மொழியாக வீதி மாற்றக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவள் நான். சித்தப்பாவின் கால் நினைவுக்கு வந்ததா என்று பின்னால் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வந்ததென்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் வந்தது, ஒன்று பிழைத்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் மட்டும்தான்.

“ஸ்கிரீனில சிவப்பெண்டால் போகாதேங்கோ அண்ணை. முருங்கன் பக்கத்தால சுத்தி வாங்கோ” என்றேன்.

“சரி” என்றார் அவர்.

சுற்றி வர அரை மணித்தியாலத்துக்கு மேல் கூடச் செல்லும். மழையில் ஓரிடத்தில் வீதி அறுத்திருந்தது, அங்கே மெதுவாகத்தான் வர முடிந்தது. தள்ளாடி என்ற இடத்துச் சோதனைச் சாவடியில் ஏற்கெனவே வரிசையாக வண்டிகள் நின்றன. ஒவ்வொரு இடத்திலிருந்தும் அண்ணை ரேடியோவில் சொன்னார். நான் பலகையில் நேரத்தை எழுதினேன். எழுதுவதற்கு மட்டும் கை ஒழுங்காக ஓடியது.

பிள்ளை இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை. தாயைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பின்னேரம் அண்ணை வண்டியோடு வந்தார். கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, பின் இருக்கையின் விரிப்பைக் கழற்றித் தோய்த்தார். நான் அவரிடம் போனேன். அவர் நிமிராமலே பேசினார்.

“வெளிக்கிடேக்க பிள்ளை துடிச்சதாம் தங்கச்சி. மிட்வைஃப் அம்மா கை வைச்சுப் பாத்துக்கொண்டு வந்தவ. முருங்கன் தாண்டினாப் பிறகு அவ ஒண்டும் கதைக்கேல்லை.”

நான் அப்போது சொல்லாமல் இருந்திருக்கலாம். கடிதம் வந்த விஷயம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை நிறத்தை மாற்றியிருந்தால் அது எப்போது வந்த கடிதம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அந்த விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தபடி என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அண்ணை, அந்த ரோட்டு திறந்துதான் இருந்தது. கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. என்ர லாச்சிக்குள்ள இருக்குது.”

அவர் பிழிவதை நிறுத்தினார். விரிப்பிலிருந்து தண்ணீர் அவர் காலில் ஒழுகியது.

“நான் கேக்கேக்கயும் உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

அவர் என்னைத் திட்டவில்லை. விரிப்பைக் கயிற்றில் போட்டார், வண்டித் திறப்பைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் வேலைக்குத் தேவையான சொல்லைத் தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கடிதத்தையும் சட்டத்தையும் பலகையில் எழுதியிருந்த நேரங்களையும் பார்த்தார். “நீங்கள் ஒழுங்குப்படிதான் செய்திருக்கிறீங்கள். உங்களில ஒரு பிழையும் இல்லை. இதைப் பற்றி வெளியில கதைக்க வேண்டாம்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல் எனக்குப் பிடித்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. அன்று முழுவதும் “ஒரு பிழையும் இல்லை” என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவரிடமும் போய்க் கேட்டேன். “அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் சிலவேளை தப்பியிருக்கும். சிலவேளை தப்பியிருக்காது. ஒருவராலும் சொல்லேலாது” என்றார். நான் அவரிடம் கேட்கப் போனதே இரண்டில் ஒன்றைச் சொல்ல மாட்டாரா என்றுதான். அவர் நேர்மையான மனிதர்.

ஞாயிறு பூசையில் நற்கருணை நன்மை எடுக்க எழும்பவில்லை. அம்மா ஏன் என்று கேட்டார், தலையிடி என்றேன். பிறகு ஒருநாள் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தத் தாய் தகப்பனுக்கு இது தெரியுமோ?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அவர் வழக்கமான மன்றாட்டைச் சொல்லி அனுப்பினார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

தைப்பொங்கல் முடிந்த ஒரு வாரத்தில் அண்ணை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“நாளைக்கு அங்க தகரம் இறக்கப் போறன். வாறீங்களோ?” என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. “வாறன் அண்ணை” என்றேன்.

அந்தக் குடும்பத்தின் வீடு குடியேற்றத்தின் கடைசி ஒழுங்கையில் இருந்தது. மண் சுவர், அரைவாசிக் கூரை தகரம், மிச்சம் கிடுகு. முற்றத்தில் சாக்கு விரித்துப் போன போகத்து நெல்லை அவித்துக் காயப்போட்டிருந்தார்கள். மனைவிக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. எங்களைக் கண்டதும் எழும்பி, அண்ணையை அடையாளம் கண்டு, “அன்னிக்கு நீங்கதானே” என்று சொல்லி, அழாமல் நின்றாள். கணவன் உள்ளே இருந்து இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டான். கூலி வேலை செய்பவன். மெலிந்த, அமைதியான ஆள்.

நான் யார் என்று அண்ணை சொன்னார். ரேடியோவில் பேசியது நான்தான் என்றும் சொன்னார். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும் என்று அவர் சற்றுத் தள்ளிப் போய் வேலியடியில் நின்றார்.

நான் சொன்னேன். கடிதம் வந்தது, லாச்சிக்குள் இருந்தது, சனிக்கிழமை மாற்றலாம் என்று வைத்திருந்தது, கேட்டபோது கையில் எடுத்துப் பார்த்தது, பிறகும் சுற்றி வரச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. அங்கே அழும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்து அடக்கிக்கொண்டேன்.

கணவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“அந்த ரோட்டுக்குக் கல்லுப் போட்டது நாங்கதான் மிஸ். கூலிக்கு எடுத்தாங்க. நான் ஒரு மாசம் அதுல நின்னேன். கடைசி நாள், வழி மறிச்சுக் கட்டியிருந்த மஞ்சள் நாடாவை அவுத்துச் சுருட்டினதே நான்தான். அதைத்தான் அண்ணன்கிட்ட சொன்னேன். ரேடியோவுல என் சத்தம் உங்களுக்குக் கேட்டிச்சா?”

“கேட்டது” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தன் பேச்சு கணக்கில் எடுக்கப்படாமல் போவது அவனுக்குப் புதிதல்ல என்பது போல இருந்தது. அது கோபத்தைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

மனைவி கேட்டாள். “அந்த ரோட்டால வந்திருந்தா புள்ள பொழைச்சிருக்குமா மிஸ்?”

“தெரியாது. டொக்டரும் தெரியாதெண்டுதான் சொன்னவர்.”

“தெரியாதுன்னா எதுக்கு வந்து சொன்னீங்க?” அவள் குரல் உயரவில்லை. “கடவுள் எடுத்துட்டாருன்னு நெனச்சிட்டு இருந்தேன். இனிமே அந்த ரோட்டைப் பாக்குறப்பெல்லாம் இதுதான் மனசுல வரும். தண்ணி எடுக்க அதாலதான் நான் தெனம் போகணும்.”

உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன் என்பது போல ஏதோ முணுமுணுத்தேன். அது முழு உண்மையல்ல. சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் குறையும் என்றுதான் வந்தேன். பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன். அவள் எழும்பி, காயப்போட்ட நெல்லைக் காலால் ஒருதரம் கிளறிவிட்டு, உள்ளே போய்விட்டாள். வெளியே வரவில்லை. கணவன் வண்டி வரைக்கும் எங்களோடு வந்தான். “அவ அப்படித்தான். நீங்க போயிட்டு வாங்க” என்றான்.

திரும்பும்போது அண்ணை வாய்க்கால் வீதியில் வண்டியைத் திருப்பினார். அதில் நான் போனது அதுதான் முதல் தடவை. இரண்டு பக்கமும் வயல். பயிர் பால் பிடித்திருந்தது. வாய்க்காலில் சிலர் குளித்துக்கொண்டு நின்றார்கள். கல்லுப் போட்ட வீதி நன்றாக இருந்தது. எவ்வளவு நேரத்தில் மன்னார் வீதிக்கு வந்து ஏறினோம் என்று நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அண்ணையும் பார்க்கவில்லை. பாலத்துக்குக் கிட்ட வந்த பிறகு அவர் பேசினார்.

“நானும் ஒரு விஷயம் சொல்லவேணும் தங்கச்சி. அந்த ரோட்டு திறந்தது எனக்கும் தெரியும். அதுக்கு முந்தின கிழமை அதால உழவு மெசின் வந்ததைக் கண்டனான். நீங்கள் வேண்டாமெண்டவுடன, சரி, பொறுப்பு என்ரயில்லை எண்டு திருப்பிப்போட்டன். உங்களோட கதைக்காமல் இருந்தது அதாலதான். கதைச்சால் அதையும் சொல்லவேண்டி வந்திடும்.”

நாங்கள் இருவரும் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்த நாளே என் ஒழுங்கை மாற்றினேன். கடிதம் எந்த நாள் வருகிறதோ அந்த நாளே வரைபடம் மாறும். வெளியே போயிருக்கும் வண்டிக்கு உடனே ரேடியோவில் சொல்லப்படும், சொன்ன நேரம் பலகையில் எழுதப்படும். பொறுப்பாளர் சம்மதிக்கக் கொஞ்சம் யோசித்தார். அடிக்கடி கழற்றிப் பூட்டினால் கார்ட் பழுதாகும் என்றார். அவர் சொன்னது போலவே அந்த வருடம் இரண்டு கார்ட்டுகள் பழுதாகின. ஒருமுறை ஒரு வண்டி பத்து நாள் திரையில்லாமல் ஓடியது. அந்தப் பத்து நாளும் வெளியே போகும் சாரதிக்கு வீதிகளைக் கடதாசியில் கையால் கீறிக் கொடுத்தேன். என்னைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் தொடங்கினேன். சனம் சொல்வதையும் எழுதினேன். வீதியால் வரும் விவசாயி, மாடு தேடிப் போனவர், சந்தைக்கு மீன் கொண்டுபோகும் வியாபாரி என்று யார் என்ன சொன்னாலும், யார் சொன்னது, எப்போது கண்டது என்று ஒரு கொப்பியில் பதிந்தேன். சிவப்பைப் பச்சையாக்க அது போதாதுதான். ஆனால் யாராவது இப்படிச் சொன்னால் அன்றே துப்புரவுப் பிரிவுக்கு அழைத்து, உண்மையா என்று கேட்பேன். பல தடவை அது உண்மையாக இருந்தது. ஒரு தடவை உண்மையாக இருக்கவில்லை. அந்த இடத்தில் பிறகு ஒரு மாடு செத்தது.

பிறகு போர் மறுபடி வந்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு ஒவ்வொரு நாளும். அதுவரை வீதிகள் திறப்பதற்குக் கடிதம் வரும். இப்போது மூடுவதற்கு ஒரு கடிதமும் வருவதில்லை. காலையில் பச்சையாக இருந்தது மத்தியானம் சிவப்பாகிவிடும், யாரும் சொல்லாமலே. சாவடிகள் கூடின. பின்னர் வண்டிகளில் வரைபடத் திரைகள் இருக்கக் கூடாது என்று மேலிடத்தில் முடிவாகியது. இரண்டு திரைகளையும் அண்ணைதான் திருகாணி கழற்றி எடுத்துத் தந்தார். நான் அவற்றைக் கடதாசியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். வண்டிகளில் அந்த இடம் ஓட்டையாக இருந்தது. அதற்குள் சாரதிகள் துணியும் தண்ணீர்ப் போத்தலும் வைத்தார்கள்.

திரைகளைக் கழற்றிய அதே வருடம் தெற்குக் கரையோரத்தில் சண்டை நெருங்கியபோது சனம் நானாட்டான் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். பாய், வாளி, பால்மா கொடுக்க நாங்கள் போனோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெரிய கிடாரங்களில் சமையல் நடந்தது. சமைத்தவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து நாட்கூலிக்கு வந்த பெண்கள். அவர்களில் ஒருத்தி சோற்றுக் கிடாரத்தை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தாள். பிள்ளையை இழந்த அவள்தான். மெலிந்திருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. அவள் என்னிடம் வருவாள் என்று நான் ஒருபோதும் எதிர்பார்க்கவில்லை.

“மிஸ், எங்க அக்கா குடும்பம் அந்தப் பக்கம் தோட்டத்துல வேலைக்குப் போனாங்க. இன்னும் வரல. எந்த ரோட்டால வரலாம்னு உங்களுக்குத் தெரியுமா? இங்க ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.”

என்னிடம் கொப்பி இருந்தது. எடுத்துப் பார்த்தேன்.

“காலமை ஒன்பது மணிக்கு ஒரு குருவானவர் கடற்கரை ரோட்டால வந்தவர். அப்ப திறந்திருந்தது. அதுக்குப் பிறகு அதால ஒருதரும் வரேல்லை. இப்ப எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. காட்டுப் பாதையால நேற்றுப் பின்னேரம் பத்துப் பேர் நடந்து வந்தவை. இரவு வெடிச் சத்தம் கேட்டது. இண்டைக்கு அதைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இவ்வளவுதான் என்னட்ட இருக்குது.”

அவள் நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொன்னாள், நேரங்களோடு. தன் கணவனின் தம்பி அக்காவின் முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லப் பார்க்கிறான் என்றாள். இணைப்புக் கிடைத்தால் சொல்வதற்குச் சரியாக இருக்க வேண்டும் என்று மறுபடி கேட்டாள். நான் மெதுவாகச் சொல்ல, அவள் மனதில் ஏற்றிக்கொண்டாள். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு தகவல். அது எப்போதைய தகவல் என்பதும் வேண்டியிருந்தது.

போகும்போது, “சாப்பிட்டீங்களா மிஸ்?” என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு தட்டில் சோறும் பருப்பும் கொண்டுவந்து தந்துவிட்டுக் கிடாரத்தடிக்குப் போனாள். நான் வண்டிப் படியில் இருந்து அதைச் சாப்பிட்டேன்.

அவளுடைய அக்காவும் இரண்டு பிள்ளைகளும் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார்கள். கடற்கரை வீதியாலும் அல்ல, காட்டுப் பாதையாலும் அல்ல. யாரோ மீனவர்கள் வள்ளத்தில் ஏற்றி, வங்காலைப் பக்கம் கரையிறக்கியிருக்கிறார்கள். என் கொப்பியில் அப்படி ஒரு வழியே இருக்கவில்லை. செய்தி கேட்ட அன்று, வந்த நாளையும் நேரத்தையும் கேட்டு, அதையும் எழுதிக்கொண்டேன்.